மூன்றாவது ஸலாம்

கண்டல்முனைப் பொது நூலகம் மீன் சந்தைக்குப் பின்னால் கட்டப்பட்டது. இப்போது உப்பளத்தின் நடுவில் நிற்கிறது. இடையில் உள்ள தூரத்தை அது நடந்து வந்தது.

நடந்து என்று சொன்னால், புத்தகங்களை லொறியில் ஏற்றிப் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோனதாக வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. சீமெந்துத் தரை, ஓடு, தமிழ் அலுமாரி, சிங்கள அலுமாரி, கால் ஆடும் வாசிப்பு மேசை, கூரைக்குள் குடியிருந்த புறாக்கள் எல்லாம் சேர்ந்தே வந்தன. அடிக்கல் மட்டும் வரவில்லை. ‘இவ்விடத்தில்’ என்று தொடங்கும் அந்தக் கல் இன்றும் பழைய இடத்திலேயே கிடக்கிறது. மீன் வெட்டுபவர்கள் அதில் கத்தி தீட்டுகிறார்கள். நல்ல கல் என்று சொல்கிறார்கள்.

நூலகம் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நகர்ந்தது, அதுவும் ஜும்ஆ நேரத்தில், கதவு பூட்டியிருக்கும்போது. ஒரு வெள்ளிக்கு ஒரு முழம் போகும். மாரியில் மண் இளகியிருந்தால் சற்றுக் கூடவும் போகும். தொழுதுவிட்டு வருகிறவர்கள் தெருவில் நின்று பார்த்து, இந்தக் கிழமை கொஞ்சம் சுணக்கம் என்றோ பரவாயில்லை என்றோ சொல்லிவிட்டுச் சோறு தின்னப் போவார்கள். மின்சார சபைக்காரர்கள் வயரை நீளமாக விட்டுக் கொடுத்தார்கள். தபால்காரர் விலாசம் பார்ப்பதை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துச் சைக்கிள் மிதித்தார். பிரதான வீதியைக் கடக்க அதற்கு ஒரு மாரியும் ஒரு கோடையும் எடுத்தது. அதுவரை பஸ்கள் விளையாட்டு மைதானத்தால் சுற்றிப் போயின. முதல் நாள் சிலாபத்திலிருந்து வந்த ஒரு சாரதி மட்டும் இறங்கி, இடுப்பில் கை வைத்து, ஓடு முதல் அத்திவாரம் வரை நிதானமாகப் பார்த்தார். “பவ், யன்ட தென்ன” என்றார். பாவம், போக விடுங்கள் என்று சிங்களத்தில் அதற்கு அர்த்தம். ஊர் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டது.

அது ஏன் நடக்கத் தொடங்கியது என்பதற்குப் பல கதைகள் உண்டு. மீன் நாற்றம் பிடிக்கவில்லை என்பார்கள். அத்திவாரத்துக்குக் கீழே களி மண் என்பார்கள். இன்று அங்கே நூலகராக இருக்கும் ஹிதாயாவுக்கு இன்னொரு காரணம் தெரியும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தன்னைப் பெரிதாக்கிக் காட்டுவதாகிவிடும் என்று நினைத்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், ஆயுதமேந்திய இயக்கம் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கியவர்களில் அவளும் ஒருத்தி. ஒன்பது வயது. உம்மா ஜெமீலாவின் கையில் ஒரு துணிப்பை, அவள் கையில் ஒரு பூட்டு. வீட்டைப் பூட்ட மறந்து பூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது நடுக்கடலில்தான் தெரிந்தது. வந்தவர்களை உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தென்னந்தோட்டத்தில் கிடுகுக் குடிசை போட்டு இருத்தினார்கள். பிறகு குடிசைகள் கல் வீடுகளாகின, தோட்டத்துக்குச் சொந்தப் பள்ளிவாசலும் வந்தது. ஊர் மட்டும் அதை இன்றுவரை முகாம் என்றே சொல்கிறது.

கண்டல்முனைச் சனம் நல்ல சனம். தேங்காய் கொடுத்தார்கள், பாண் கொடுத்தார்கள், பெருநாளைக்குச் சட்டை கொடுத்தார்கள். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு ஒரு சிரிப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. உம்மா வாசல் வாசலாகப் போய் ஸலாம் சொல்லி நிற்பாள். ஹிதாயா உம்மாவின் சேலைக்குப் பின்னால் நிற்பாள். கதவு திறப்பதற்கு முந்திய அந்தச் சின்ன நேரத்தில் தன் முகம் தானாகவே சிரிக்க ஆயத்தமாவதை அவள் உணர்ந்தாள். அவளுக்குப் பசியை விட அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வளர்ந்தால் யாருடைய வாசலிலும் நிற்பதில்லை, யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்று அந்த வயதிலேயே முடிவெடுத்தாள்.

நூலகத்துக்கு அன்று ஒரு விதி இருந்தது. அங்கத்தவராவதற்கு ஊரில் சொந்த வீடு உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும். முகாமில் இருந்தவர்களுக்குச் சொந்த வீடு கடலுக்கு அப்பால் பூட்டாமல் கிடந்தது. ஆகவே ஹிதாயா உப்பள வரம்பால் நடந்து வந்து, கிழக்கு ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்போதிருந்த நூலகர் முபாறக் சேர், பேச்சுக் குறைந்த மனிதர், விதியை மீறாதவர். அவர் ஒரு புத்தகத்தை விரித்து ஜன்னல் கட்டையில் உள்பக்கமாக வைத்துவிட்டுத் தன் கதிரைக்குப் போய்விடுவார். பக்கம் முடிந்ததும் அவள் கூப்பிடமாட்டாள். நின்றபடி நிற்பாள். சற்று நேரத்தில் அவர் எழுந்து வந்து பக்கத்தைத் திருப்பிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே போவார். அந்த ஊரில் அவள் சிரிக்கத் தேவையில்லாத ஒரே கொடை அதுதான். அப்படி நின்றே பல புத்தகங்களை வாசித்து முடித்தாள்.

அடுத்த மாரி பெரிய மாரி. உப்பள வரம்பு முங்கிப்போனது, முகாமிலிருந்து யாரும் வர முடியவில்லை. கிழக்கு ஜன்னலில் ஒரு புத்தகம் கிழமைக்கணக்காக ஒரே பக்கத்தில் விரிந்து கிடந்தது. அந்த மாரியில் ஒரு வெள்ளிக்கிழமைதான் நூலகம் முதன்முதலாக ஒரு முழம் நகர்ந்தது. கிழக்குப் பக்கமாக.

பிறகு வந்த பிரதேச சபை பிணை விதியை எடுத்துவிட்டது. ஹிதாயா அங்கத்தவரானாள், சோதனைகள் பாஸ் பண்ணினாள், நூலக உதவியாளராக அங்கேயே வேலைக்கு வந்தாள். முபாறக் சேர் ஓய்வு பெற்றார். அவர் மவுத்தாகி அடக்கம் பண்ணிய அன்று பின்னேரம் அலுமாரிகளுக்குள் ஒரு சின்னச் சலசலப்புக் கேட்டது; திறந்து பார்த்தபோது எல்லாப் புத்தகங்களிலும் ஒவ்வொரு தாள் திரும்பியிருந்தது. அவருக்கு ஒரு நாளாவது நன்றி சொல்லியிருக்கலாம் என்று அவள் அன்று அழுதாள். ஆனால் சொல்லாமல் இருக்க விட்டதுதானே அவர் செய்த பெரிய உபகாரம் என்றும் தோன்றியது. இரண்டும் உண்மையாக இருந்ததால், நூலகராக அவருடைய கதிரையில் உட்கார்ந்தபோது, ஒன்றையும் தீர்மானிக்காமல் பழைய பூட்டை எடுத்து மேசையில் தாள்களுக்குப் பாரமாக வைத்தாள்.

அவள் வேலைக்கு வந்த புதிதில்தான் நூலகம் உப்பளத்தின் ஓரத்தை அடைந்தது. அதுவரை வந்த வழியெல்லாம் அரசாங்கக் காணி: தெரு, மைதானம், பழைய தபால் கந்தோர் வளவு. உப்பளம் ஃபைஸல் ஹாஜியாரின் குடும்பத்துக்குச் சொந்தம். முகாம்காரர் நடந்து நடந்து வரம்பு உடைகிறது என்று அவருடைய வாப்பா எப்போதோ முள்ளுக்கம்பி அடித்திருந்தார். அதிலிருந்து முகாமுக்குப் போகிறவர்கள் தெருவால் சுற்றித்தான் போக வேண்டும். கம்பிக்கு முன்னால் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நூலகம் நின்றது. அடுத்த வெள்ளியும் அங்கேயே நின்றது.

அந்த வெள்ளிகளில், ஜும்ஆ முடிந்து நூலகம் திறந்த பிறகு, காற்றே இல்லாத நேரத்தில் ஜன்னல் கதவுகள் எல்லாம் ஒரேயடியாகத் திறந்து ஒரேயடியாக அடித்தன. முதல் வெள்ளி ஒரு தரம். இரண்டாம் வெள்ளி ஒரு தரம். இரண்டாம் தரம் அடித்தபோது ஹிதாயா புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கை நின்றது. சோளகக் காற்று என்று யாரோ சொன்னார்கள், அவளும் தலையாட்டினாள். ஆனால் அது காற்றின் சத்தம் இல்லை என்று அவளுடைய உடம்புக்குத் தெரிந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று ஒருவர் தட்டுகிற சத்தம் அது. தன் முகம் தானாகச் சிரிக்க ஆயத்தமாவதை அவள் பல வருஷங்களுக்குப் பிறகு உணர்ந்தாள். அடுத்த நாளே நைலோன் கயிறு வாங்கிவந்து ஒவ்வொரு ஜன்னலையும் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். வாசகர்களுக்கு இடைஞ்சல் என்று காரணம் சொன்னாள். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொன்னாள்.

மூன்றாம் வெள்ளி எந்தச் சத்தமும் இல்லை. அதன் பிறகு நூலகம் நடக்கவும் இல்லை. வந்த இடத்துக்கு வந்துவிட்டதாக ஊர் நினைத்தது.

இருபது வருஷம் அப்படியே போனது. ஹிதாயா கல்யாணம் முடித்தாள், பிள்ளைகள் பெற்றாள், முகாமிலிருந்து தினமும் தெருவால் சுற்றி வேலைக்கு வந்தாள். கொரோனாக் காலத்தில் நூலகம் பூட்டியிருந்தபோது புறாக்கள் கதைப் புத்தகப் பகுதியில் முட்டை இட்டன. மற்றபடி உப்புக் காற்றுத் தன் வேலையைச் செய்தது. சுவர் அப்பளம் போல உதிர்ந்தது. தாள்களில் உப்பு ஏறியது. விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் திருப்புகிறவர்களுக்கு வாய் கரித்தது. பிரஷர் உள்ளவர்கள் விரலை நனைக்காமல் வாசிக்கப் பழகினார்கள்.

சென்ற வருஷம் பெருநாள் கழிந்த கையோடு பிரதேச சபைச் செயலாளர் வந்தார். வேண்டாத மனிதர் இல்லை. சுவரைத் தடவி, கையில் வந்த சுண்ணாம்பைப் பார்த்தார். “இதுக்கெண்டு ஒரு காணி இல்ல மிஸ். பாதி தெருவில நிக்கிது, பாதி ஹாஜியார்ட கம்பியோரம் நிக்கிது. வருஷ முடிவுக்குள்ள ஒரு காணிக்குப் போகாட்டி உடைக்கத்தான் வேணும். புத்தகங்களப் புத்தளத்துக்கு அனுப்புவம்” என்றார். போகும்போது, “நடக்கிற லைப்ரரி எண்டா நடந்திருக்க வேணும். நடுவில நிண்டா நாங்க என்ன செய்யிற?” என்று வருத்தத்தோடு சொன்னார்.

ஹிதாயா அன்று முதல் ஓடித் திரிந்தாள். புத்தளத்துக்குப் போனாள், அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் காத்திருந்தாள், கையெழுத்துகள் சேர்த்தாள். கந்தோர்களில் நிற்பது அவளுக்குக் கேட்பதாகத் தோன்றவில்லை. அங்கே விதி இருந்தது, விதிக்குப் பின்னால் முகம் இல்லை. முகாம் பள்ளிவாசல்காரர்கள் பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த வெறும் வளவை நூலகத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள். காணி கிடைத்துவிட்டது. ஆனால் அது உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. கட்டடமோ இந்தப் பக்கம் அசையாமல் நின்றது. அது உடைபட்டால் தான் எங்கே நின்று வாசித்தாள் என்பதற்கு உலகத்தில் ஓர் அடையாளமும் இராது என்று அவளுக்குத் தோன்றியது. கிழக்கு ஜன்னல் கம்பியில் ஓரிடம் மட்டும் துருப்பிடிக்காமல் வழவழப்பாக இருக்கும். அது அவளுடைய சின்னக் கை தேய்த்த இடம்.

உம்மா ஜெமீலாவுக்கு முழங்கால் போய்விட்டது, வாய் போகவில்லை. ஒரு நாள் ஹிதாயா களைத்து வந்து செருப்பைக் கழற்றும்போதே தொடங்கினாள்.

“எல்லாக் கந்தோருக்கும் போயிட்ட. பக்கத்து வாசலுக்கு மட்டும் போகல்ல.”

“எந்த வாசல்?”

“தெரியாத மாதிரிக் கேளு. ஹாஜியார்ட வாசல்தான்.”

“அவர் ஒரு நாளும் எங்களோட முகம் குடுத்துக் கதைச்சதில்ல உம்மா.”

“நீ போய்க் கதைச்சியா? நான் கேட்டுத்தான் நீ சோறு திண்ட. எனக்கு என்ன, வாய் தேஞ்சா போச்சி?”

ஹிதாயா முகம் கழுவப் போனாள். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் உப்புக் கொட்டிலான வாடிக்கு முன்னால் அவளுடைய கால்கள் நின்றன. ஃபைஸல் ஹாஜியார் வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அறுபது கடந்த தனி மனிதர். மனைவி மவுத்தான பிறகு ரேடியோதான் அவருக்குக் கதைக்கத் துணை.

“ஹாஜியார், உப்பு வேணும்” என்றாள் அவள்.

“எவ்வளவு?”

“ஒரு கிலோ.”

அவர் ரேடியோவை நிறுத்தினார். “ஒரு கிலோ உப்புக்கு ஆராவது உப்பளத்துக்கு வருவாங்களா? கடையில பக்கெட் இல்லையா?”

அவள் நின்றாள். அவர் உள்ளே போய் இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து துடைத்துப் போட்டார். இருவரும் உட்கார்ந்து, எதிரே கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற நூலகத்தைப் பார்த்தார்கள். வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது போல அவர் சொன்னார்:

“பெருமை புடிச்ச லைப்ரரி.”

“என்ன ஹாஜியார்?”

“பின்ன? வந்த புதுசில ரெண்டு வெள்ளி ஸலாம் சொல்லிச்சி. நான் இந்தக் காதால கேட்டன். ஒரு வளவுக்குள்ள போறதெண்டா மூணு தரம் ஸலாம் சொல்லிக் கேக்கணும். நம்மட மார்க்கம் அதுதானே. மூணாவதுக்குப் பதில் சொல்லுவம் எண்டு சட்டையும் மாத்திக்கொண்டு இருந்தன். வரல்ல. இருபது வருஷமா வாசல்ல வந்து நிக்கிது, ஸலாமும் இல்ல கலாமும் இல்ல.”

“முதல் தரத்துக்கே பதில் சொல்லியிருக்கலாமே?”

அவர் தன் கால்களைப் பார்த்தார். “சொல்லியிருக்கலாம்தான். கம்பி வாப்பா அடிச்சது. அப்ப வாப்பா இருந்தாரு. மூணு தரமும் கேட்டா, கேட்டாங்க வாப்பா, நான் என்ன செய்யிற எண்டு சொல்லலாம். எனக்கும் ஒரு சாட்டு வேணும்தானே தங்கச்சி.”

மூன்றாவதை நைலோன் கயிற்றால் கட்டியது தான்தான் என்று ஹிதாயாவுக்கு விளங்கியது. அவர் விடவில்லை.

“நீங்களும் அப்பிடித்தான். கல்யாணத்துக்குச் சொன்னா வாறீங்க. குடுத்தா வாங்கிறீங்க, சிரிக்கிறீங்க. முகாம் போட்ட புதுசில வாசல்ல வந்து நிண்டதோட சரி; பிறகு இத்தின வருஷத்தில ஒருத்தரும் வந்து, ஹாஜியார் இது வேணும், அது வேணும் எண்டு கேட்டதில்ல. சொந்தக்காரன்தான் உரிமையாக் கேப்பான். அப்ப எங்களச் சொந்தமா நினைக்கல்ல எண்டு நான் விட்டுட்டன்.”

அவர் உப்பைக் கட்டித் தந்தார். கிலோவுக்குக் கூடவே இருந்தது. நூலகம் வரை நடந்தபோது, இத்தனை காலமும் அந்தச் சிரிப்பைத் தான் மட்டுமே சுமந்ததாக எண்ணியிருந்தோமே என்று நினைத்தாள். கொடுத்தவர்களும் அதைச் சுமந்திருக்கிறார்கள். சிரிப்பு ஒரு கதவு மாதிரி இடையில் நின்றிருக்கிறது. அவர்கள் அந்தப் பக்கம் நின்று, இவர்கள் ஏன் உள்ளே வரமாட்டேன் என்கிறார்கள் என்று யோசித்திருக்கிறார்கள்.

நூலக உதவியாளர் ஸஜீத்தைக் கூப்பிட்டு ஜன்னல் கட்டுகளை அவிழ்க்கச் சொன்னாள். கயிறு உப்பேறிக் கல்லாகியிருந்தது.

“மிஸ், இதக் கட்டினவன் கப்பல்ல வேல செஞ்சிருப்பான்.”

“நான்தான் கட்டினன்.”

“அல்லாஹ்! அப்ப வெட்டத்தான் வேணும்” என்று குறடு தேடப் போனான்.

விஷயம் பள்ளிவாசலில் அடிபட்டது. கட்டடத்தின் ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமையா என்று கேட்டார்கள். மௌலவி யோசித்துவிட்டு, காதில் விழுந்தவர் சொல்வது நல்லது, விழாதவருக்குக் கேள்வி இல்லை என்றார். ஆனால் ஒன்றை ஞாபகப்படுத்தினார்: மூன்றாவதுதான் கடைசி. அதற்கும் பதில் இல்லாவிட்டால் வந்தவர் மனம் கோணாமல் திரும்பிப் போய்விட வேண்டும். நூலகம் திரும்பி நடந்தால் எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். மீன் சந்தைக்குப் பின்னால் இப்போது ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். உடைப்பதற்குக் குறித்த நாளும் கிட்டிக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் சனம் உப்பள ஓரத்துக்கு வந்தது. முகாமிலிருந்து ஓட்டோக்களில் பெண்கள் வந்தார்கள்; ஜெமீலாவும் வந்து ஓட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஹாஜியார் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். ஜன்னல்கள் எல்லாம் கட்டவிழ்ந்து பாதி திறந்து கிடந்தன. ஒன்றும் நடக்கவில்லை. வெயில் சாய்ந்தது. கடலை விற்கிறவர் விற்று முடித்துவிட்டுப் போனார். பிள்ளைகள் அழுதார்கள். “துரு புடிச்சிருக்கும்” என்று ஒருவர் சொன்னார். “மறந்திருக்கும்” என்றார் இன்னொருவர். ஹாஜியார் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், விருந்தாளியை எதிர்பார்க்கிற வீட்டுக்காரர் போல.

மறக்கவில்லை என்று ஹிதாயாவுக்குத் தெரிந்தது. வாயை ஒரு தரம் கட்டிவிட்டால், கட்டை அவிழ்த்த உடனே வார்த்தை வராது. வெட்கமாக இருக்கும். யாராவது முதலில் தொடங்க வேண்டும். அவள் படியிறங்கி, கிழக்கு ஜன்னலுக்குக் கீழே அந்த நாளில் தான் நின்ற அதே பக்கமாக, முள்ளுக்கம்பி வரை நடந்தாள். முன்னால் யாருடைய சேலையும் இல்லை. முகம் சிரிக்க ஆயத்தமாகிறதா என்று கவனித்தாள். ஆகவில்லை. முகம் வெறும் முகமாக இருந்தது.

“அஸ்ஸலாமு அலைக்கும்” என்றாள். “ஹாஜியார், இந்தால போக வழி வேணும்.”

அவள் வாய் மூடும் முன் அவளுக்குப் பின்னால் ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்து ஒரேயடியாக அடித்தன. இருபது வருஷத்துச் சத்தம். கூரைப் புறாக்கள் எழுந்து களப்பு நீருக்கு மேலால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். “வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு” என்று நீட்டி, ஓர் எழுத்தும் விடாமல் சொன்னார். பிறகு, “இதக் கேக்க இவ்வளவு காலமா? வாங்க, உள்ளுக்கு வாங்க” என்றார். ஸஜீத்தின் கையிலிருந்த குறட்டைப் பிடுங்கித் தானே கம்பியை வெட்டினார். வாப்பா அடித்த கம்பி, சுலபமாக வெட்டுப்படவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்து வெட்டினார். உப்புக் காற்று என்றார். “குறடு சபைக்குரியது ஹாஜியார், திருப்பித் தரணும்” என்று ஸஜீத் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு ஹிதாயாவின் வாயிலிருந்து “ஜஸாகல்லாஹ்” என்ற நன்றி வார்த்தை வந்தது. வாழ்நாளில் எத்தனையோ தரம் சொன்ன வார்த்தை. இந்த முறை அது தண்ணீர் போல, தன் பாரத்தாலேயே இறங்கி வந்தது. முபாறக் சேருக்கும் சேர்த்துச் சொன்னதாக அவள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளி நூலகம் உப்பளத்துக்குள் இறங்கியது. அழைக்கப்பட்டு வருகிறவர்களின் நடையில் ஒரு வேகம் இருக்கும்; இப்போது ஒரு வெள்ளிக்கு ஓர் ஆள் உயரம் போகிறது. செயலாளர் வந்து பார்த்தார். யாருடைய காணியில் நிற்பதாக எழுதுவது என்று கேட்டார். “என்ட விருந்தாளி. போய்ச் சேரும் வரைக்கும் என்ட பொறுப்பு” என்றார் ஹாஜியார். செயலாளர் ‘வழியில் உள்ளது’ என்று எழுதிக்கொண்டு போனார். உடைக்கிற பேச்சு அதோடு நின்றது. புத்தகம் எடுக்க வருகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரம்பால் நடந்து வருகிறார்கள், ஊர்ப்பக்கத்திலிருந்தும் முகாம் பக்கத்திலிருந்தும். ஹாஜியார் பெரிய எழுத்துப் புத்தகமாகப் பார்த்து எடுத்துப் போகிறார். நூலகம் கடந்து போன பாத்திகளில் உப்புக் கொஞ்சம் வெள்ளையாக விளைகிறது, விலை அதேதான்.

முகாமில் பள்ளிவாசலுக்குப் பக்கத்து வளவைத் துப்புரவாக்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் எப்படியும் வந்துவிடும் என்று கணக்கு. வருகிற அன்று என்ன சமைப்பது என்று பெண்கள் இப்போதே வாதாடத் தொடங்கிவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஊரிலிருந்து அவர்களுடைய வாசலுக்கு ஸலாம் சொல்லி வருகிற முதல் பெரிய விருந்தாளி அது. பிரியாணி என்றது ஒரு பக்கம், புளிச்சோறும் மீனும் என்றது மறுபக்கம். லைப்ரரி சாப்பிடாது என்று யாரோ ஒரு பிள்ளை சொன்னது.

“சாப்பிடாட்டி என்ன?” என்றாள் ஜெமீலா. “வந்தவங்களக் கேக்காம இருக்கலாமா?”